புளிப்பற்றுக் காலம்

சடுகுடு ஆடிய ஊரில் வளர்ந்தவர்களுக்குப் புளிப்பற்றின் வாசனை மறந்திருக்காது. பாடிப் போனவன் பிடிக்குத் தப்பி நடுக்கோட்டுக்குப் பாய்ந்து திரும்புகையில் பாதம் உள்பக்கமாக மடங்கும். சற்று நேரத்தில் கணுக்காலின் வெளிப்பக்கம் கோழிமுட்டை அளவுக்கு வீங்கிவிடும். இரண்டு பேர் தோள் கொடுத்து வீட்டில் இறக்கினால், அப்பத்தா ஒன்றும் கேட்காமல் புளியைக் கரைத்து, கல்லுப்பும் மஞ்சளும் சேர்த்து, குழம்பாக இறுகும்வரை இரும்புக் கரண்டியில் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் தடவிப் பழைய வேட்டிக் கிழிசலால் சுற்றிவிடுவாள். விடியும்போது பற்று காய்ந்து தோலைச் சுண்டி இழுக்கும். அன்று முழுவதும் திண்ணைதான். போகிற வருகிறவர்கள் எல்லாம் உட்கார்ந்து, தங்கள் பழைய சுளுக்குகளைச் சொல்லிவிட்டுப் போவார்கள். எலும்பு விலகியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் புத்தூர்க் கட்டுக்குப் பேச்சு நடக்கும்.

பிறகு பி.டி. வாத்தியார்கள் ஐஸ் கட்டியோடு வந்தார்கள். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்று 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் எழுதியது எங்கள் மைதானம்வரை வந்து சேர்ந்திருந்தது. ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே சொன்னார். அடிபட்ட அன்றே சூடு வைத்து உருவுவது உள்ளே கசிவைக் கூட்டும் என்பதால் இன்றைய பிசியோக்கள் அதையும் வேண்டாம் என்கிறார்கள். ஓரிரு நாள் கழித்து வலி பொறுக்கிற அளவுக்குக் கால் ஊன்றி நடக்கச் சொல்கிறார்கள். எலும்பு முறிந்திருக்குமா என்று பார்க்க, 1992இல் கனடாவின் ஆட்டவாவில் வகுத்த எளிய முறை இருக்கிறது: கணுக்காலின் இருபுறத்து எலும்புகளின் பின்விளிம்பிலும் பாதத்தில் குறிப்பிட்ட இரண்டு இடங்களிலும் அழுத்தினால் வலிக்கிறதா, நாலு எட்டு வைக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் தேறினால் பெரும்பாலும் எக்ஸ்ரே தேவையில்லை.

தங்கை மகன் இப்போது மேட் விரிப்பில் கபடி ஆடுகிறான். போன முறை கால் பிசகியபோது பிசியோ அவனை ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு பிடிக்காமல், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. ஜவ்வு கிழியும்போது பாதம் எப்படி இருக்கிறது என்று சொல்லும் நரம்புணர்வும் மங்கிவிடுவதால்தான் அதே கால் மறுபடி மறுபடி மடங்குகிறது. அந்த உணர்வைப் பழக்கி மீட்கலாமாம். அவன் கண்ணை மூடி ஆடி ஆடி நின்றபோது, எங்கள் அணியில் மூச்சு விடாமல் பாடிய ஒருவனை நினைத்துக்கொண்டேன். அடிக்கடி கால் பிசகி, கால் ராசியில்லை என்று ஊரும் சொல்ல, இருபது வயதுக்குள் களத்தை விட்டுப் போனவன். பற்றுப் போட அவனுக்கு நாலு வீடு இருந்தது. இப்படி நிற்கச் சொல்லத்தான் ஆளில்லை.

இப்போது ஊர்க் கபடிக் குழு ஒவ்வொன்றுக்கும் யாராவது போய் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்கிறேன். பிடித்துக்கொள்ள ஒரு சுவரும் கூட நிற்க ஒரு நண்பனும் போதும்.