ஒண்ணுக்கு விரலும் ஒரு பெல்ட்டும்

விருத்தாசலத்தில் அகல்விளக்கும் பொம்மையும் மின்சார ஃபியூஸ் கட்டையும் பீங்கானில்தான் பிறக்கின்றன. அந்த ஊரில் எதிர்வீட்டு மூன்று வயதுக்காரனுக்கு வாங்கியது வாத்து மூஞ்சி பிளாஸ்டிக் 'பாட்டி' (potty). எல்.கே.ஜி. சேர்க்கைப் படிவத்தில் 'தானாகக் கழிப்பறை செல்வானா?' என்றொரு கேள்வி. அம்மா 'ஆம்' என்று எழுதிவிட்டார். பயிற்சி அப்புறம்தான் தொடங்கியது.

நிஜப் பாட்டி சிரித்தார். அவர் காலத்தில் கொல்லையில் காலை நீட்டி, இரண்டு பாதங்களுக்கு நடுவே பிள்ளையை உட்கார வைத்து 'ஸ்ஸ்...' என்றால் வேலை முடிந்தது. தண்ணீர் ஊற்றுவது வலக்கை, கழுவுவது இடக்கை, பிறகு சோப்பு. பையன் இதையெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுத் தேர்ந்தான்.

தோற்றது பள்ளியில்தான். வீட்டில் எலாஸ்டிக் ஜட்டி. சீருடையிலோ கொக்கி, ஜிப், மேலே ஒரு பெல்ட். அதை அவிழ்க்க எனக்கே அரை நிமிடம் ஆகும். அதற்கு முன்னால் சுண்டு விரலைக் காட்டி, ஆங்கிலத்தில் அனுமதி வேறு கேட்க வேண்டும். வாக்கியம் முடிவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. தப்பித்துப் போகிறவனுக்கும் தாழ்ப்பாள் எட்டாது, குழாய் எட்டாது, சோப்பு மிஸ்ஸின் மேஜை டிராயரில்.

'பையனுக்குப் பழக்கம் போதவில்லை' என்று டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வந்தது.

பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம்: பெல்ட்டை ஒன்றாம் வகுப்பில் கொடுங்கள். குழாயை இரண்டடி இறக்குங்கள்.