காட்டுக்குப் போறியாக்கும்?

ஆப்பிரிக்காவுக்குப் போறியாமே பேராண்டி! மனசு சோந்து போச்சு, வசந்த காலத்துல சஃபாரி போனா புது மனுசனாத் திரும்பலாம்னு உன் கூட்டாளி எவனோ சொன்னானாம். போ ராசா, தாராளமாப் போ. பழைய மனுசனால வீட்டுல ஒரு பல்பு மாத்தக்கூட ஆகலை. புதுசாவது எப்படி வருதுன்னு பாப்போம்.

ஆனா வசந்தம்னதும் பச்சைப் பசேல்னு இருக்கும்னு நெனச்சுப் பெட்டி கட்டாத. தென்னாப்பிரிக்காவுல வசந்தம்னா செப்டம்பர், அக்டோபர். நீ போற குரூகர் காட்டுல நல்ல மழை பேஞ்சு மாசக்கணக்காயிருக்கும். புல்லெல்லாம் காஞ்சு கெடக்கும். மத்தியான வெயில் மண்டையப் பொளக்கும். உங்க அத்தை ஜோகன்னஸ்பர்க்குல இருந்தப்ப என்னையும் இழுத்துட்டுப் போனா, அதான் தைரியமாச் சொல்றேன். மரமெல்லாம் மொட்டையா நிக்கையில, இலை வர்றதுக்கு முந்தியே ஒரு முள்ளு மரம் வெளுத்த மஞ்சளாப் பூத்துத் தள்ளும். ஒட்டகச்சிவிங்கி முள்ளுக்கு ஊடால நாக்கை விட்டு அந்தப் பூவை உருவித் திங்கும். அதைப் பாக்குறதுக்கே ஒரு அரை நாள் ஒதுக்கலாம். உனக்கு அரை நிமிசம் போதும்பே. கைப்பேசியில பிடிச்சதும் 'அடுத்தது என்ன'ம்பே.

சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம்னு அஞ்சையும் பாத்தே தீரணும்னு ஒரு பட்டியல் வச்சிருப்பியே? அதப் போட்டவன் யாருங்கிற? துப்பாக்கிக்காரன். நடந்து போய்ச் சுடணும்னா எந்த அஞ்சு நம்ம உசுருக்கு உலை வைக்கும்னு வேட்டைக்காரங்க வச்ச கணக்கு அது. அவங்க சுட்ட சூட்டுல காடே காலியாகிருமோன்னுதான் 1898ல சாபி காப்புக்காடுன்னு ஒண்ண ஒதுக்குனாங்க. அது பெருத்து, 1926ல குரூகர் தேசியப் பூங்காவாச்சு. சுட்டவன் போட்ட கணக்க நீ கேமராவ வச்சு முடிக்கப் போற. டார்கெட்டு டார்கெட்டுன்னு ஓடித்தானேய்யா இப்பிடி நொந்து போன? அங்கயும் ஒரு டார்கெட்டத் தூக்கிச் சுமக்கணுமா?

கெழவன் பேச்சக் கேளு. அந்தக் காடு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். காரை விரட்டி அதை அளக்கப் பாக்காத. தண்ணி கெடக்குற எடமாப் பாத்து வண்டிய ஓரமா நிறுத்தி, வாய மூடிக்கிட்டு உக்காரு. உள்ளதான், கீழ எறங்கித் தொலைக்காத. வசந்தத்துல போறதுக்கு அர்த்தமே அதுதான். குட்டையெல்லாம் வத்தி, மிச்சமிருக்குற தண்ணிக்குத்தான் எல்லாரும் வந்தாகணும். மரத்துல இலை கம்மிங்கிறதால மறைவும் கெடையாது. மொதல்ல இம்பாலா மான் வரும், கழுத்தத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டுக் குடிக்கும். வரிக்குதிரை வரும். யானைக் கூட்டம் வந்துட்டா மத்ததெல்லாம் ஒதுங்கி நிக்கும். ஒரு பெரிய யானை ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேலயும் குடிக்கும்ங்கிறான், அது குடிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் ஆரன் அடிக்கிறதில்ல. ரெண்டு மணி நேரம் அப்பிடிக் கெட. ஒன் தோள்பட்டை தானா எறங்கும். மசாஜுக்காரனுக்குக் குடுத்த காசெல்லாம் அப்ப ஞாபகம் வரும்.

சிங்கமும் தட்டுப்படலாம். தட்டுப்பட்டா, பெரும்பாலும் தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும். ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது மணி நேரம் தூங்கியும் சும்மா படுத்தும் கெடக்குற சீவன் அது. நீ ராத்திரி ரெண்டு மணிக்கு மெயில் அனுப்புனதப் பெருமையாச் சொல்ற ஆளு. ஒங்க ரெண்டு பேர்ல யாரு ராசான்னு நீயே யோசிச்சுக்கோ.

கால்ல தெம்பிருந்தா நடைப்பயணம் போ. 1978லயிருந்தே குரூகர்ல நடக்குது. மிஞ்சிப்போனா எட்டுப் பேரு, துப்பாக்கியோட வழிகாட்டி ரெண்டு பேரு, கரண்டு இல்லாத முகாம்ல மூணு ராத்திரி. வரிசையா, சத்தமில்லாம நடக்கணும். காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பாக்கச் சாம்பலத் தட்டிப் பாக்குற ஆளுகளும் உண்டு. மிருகத்தக் கண்டு ஓடக்கூடாதுங்கிறதுதான் மொதப் பாடம், ஓடுனா இரைன்னு நெனச்சுரும். சாணியப் பாத்து யாரு போனா, எப்பப் போனான்னு வழிகாட்டி சொல்லும்போது நீயும் குத்தவச்சுப் பாப்ப. மேனேஜர் மூஞ்சி அப்ப நெனப்புலயே வராது. உசுருப் பயம் வந்துட்டா மத்த பயமெல்லாம் தானா வெக்கப்பட்டு ஓடிரும், மாத்திரையே வேண்டாம்.

மாத்திரைன்னதும் ஞாபகம் வருது. அது மலேரியாப் பகுதி, டாக்டரக் கேட்டு அதுக்குண்டான மாத்திரைய மறக்காம எடுத்துக்கோ. சிங்கத்துக்குப் பயந்துக்கிட்டு கொசுவ எளக்காரமா நெனச்சிராத.

இம்புட்டு அமைதியான எடம்னு மெய்மறந்து பேசும்போது இதையும் சேத்துச் சொல்லு. குரூகரோட வடகோடியில, லிம்போப்போ ஆத்துப் பக்கம், மகுலேக்கே சனங்க குடியிருந்தாங்க. 1969ல அவங்கள வெளியேத்திட்டுத்தான் அந்த எடத்தப் பூங்காவோட சேத்தாங்க. 1998ல நெலம் திரும்பக் கெடைச்சது. அப்பவும் அங்க வீடு கட்டிக் குடியேறாம, காடாவே விட்டுட்டு, வர்ற விருந்தாளிங்ககிட்ட கெடைக்கிற வருமானத்துல பங்கு வாங்கிக்கிறாங்க. ஒனக்கு ஆறுதல் குடுக்குற நெழல்ல அவங்க வயித்தெரிச்சலும் கொஞ்சம் கெடக்கு.

நீ தங்கப் போற முகாம்ல மஞ்ச மூக்கு இருவாச்சின்னு ஒரு பறவை வரும். கார் கண்ணாடியில தெரியிற தன் மூஞ்சிய எதிராளின்னு நெனச்சுக் கொத்தோ கொத்துன்னு கொத்தும். ஒன்னைக் கண்டா சொந்தக்காரன்னு நெனச்சாலும் நெனக்கும், நீ எடுக்குற செல்ஃபி அப்பிடி.

அப்புறம் ஒண்ணு. கார்ல எந்நேரமும் சுத்தலாம்னு நெனைக்காத. செப்டம்பர், அக்டோபர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்டைச் சாத்திருவான். தார் ரோட்டுல 50க்கு மேல ஓட்டவும் கூடாது. அதனால நேரத்தோட திரும்பு. லேட்டானா அபராதம் போடுவான், அந்தப் பில்ல ஒங்க ஆபீஸ்ல பாஸ் பண்ண மாட்டாங்க.