முன்னேற்றப் பட்டை: ஓர் ஆய்வு

பட்டை மூவகைப்படும்: நெற்றியில் இடுவது, பிரியாணியில் போடுவது, கணினித் திரையில் ஓடுவது. முதலிரண்டும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் போதிய அளவு ஆராயப்பட்டுவிட்டதால் இங்கு மூன்றாவது மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இது வேலையை ஒரு நொடிகூட விரைவுபடுத்தாது. எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாமா என்பதை மட்டும் சொல்லும். இருந்தும் காத்திருப்பவர்கள் இதை விரும்புகிறார்கள் என்று கணினி ஆய்வாளர் பிராட் மையர்ஸ் 1985-இல் சோதித்தே காட்டினார்.

பங்குனியில் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் தேர் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தேர் மேற்கு மாட வீதியில் என்றால் பாதி. ‘நிலைக்கு வந்தாச்சு’ என்றால் 100 சதவீதம். வீதி நான்குதான் என்பது முன்பே தெரிவதால் இந்தக் கணக்கு நடக்கிறது.

பைத்தான் நிரல்மொழியில் இந்த வேலையைச் செய்யும் நூலகங்களில் பேர்போனது டிக்யூடிஎம். முன்னேற்றம் எனப் பொருள்படும் ‘தகத்தும்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர்; ‘உன்னை அளவுக்கு மீறி நேசிக்கிறேன்’ என்னும் ஸ்பானியத் தொடரின் சுருக்கமும் அதுவே. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்கு இவ்வளவு காதல் ஆகுமா என்பது தனி ஆய்வுக்குரியது. லூப்பைச் சுற்றி அந்தப் பெயரை எழுதினால் போதும், பட்டை ஓடத் தொடங்கும். ஒரு சுற்றுக்கு அது எடுத்துக்கொள்ளும் கூலி சுமார் 60 நானோநொடி. பட்டையைப் புது வரியில் போடாது; வாசலில் பழைய கோலத்தை அழித்து அதே இடத்தில் புதுக்கோலம் போடுவதுபோல, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி மேலேயே எழுதும். அதையும் 0.1 நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் செய்யாது. மொத்தம் எத்தனை என்று சொல்லாவிட்டால் பட்டையே கிடையாது. ஆன கணக்கையும் வேகத்தையும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். நாணயமான குணம்.

சென்னையின் வாய்மொழிப் பட்டைக்கு அந்தக் குணம் இல்லை. ‘தோ, லஸ் கிட்ட வந்துட்டேன்’ என்பவர் அநேகமாக அடையாற்றில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். டிக்யூடிஎம் கடந்ததை வைத்து வரப்போவதை ஊகிக்கிறது. இவரோ வரவேண்டியதைக் கடந்ததாகவே சொல்லிவிடுகிறார்.

டிக்யூடிஎம்மின் ஊகத்திலும் ஓட்டை உண்டு. இதுவரை ஓடிய வேகத்தைச் சராசரியாக்கி, அண்மைய வேகத்துக்குச் சற்றுக் கூடுதல் எடை தந்து, இனியும் இப்படித்தான் ஓடும் என்று அது நம்புகிறது. அந்த நம்பிக்கை எங்கே பொய்க்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. இங்கே பறக்கும் ரயில் 1997-இல் லஸ்ஸுக்கும் 2007-இல் வேளச்சேரிக்கும் வந்தது. அங்கிருந்து பரங்கிமலை 5 கிலோமீட்டர். அதுவரை பாதையை நீட்ட 2008-இல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் நில வழக்கால் சுமார் 500 மீட்டர் பாக்கியிருக்கையில் பல ஆண்டுகள் நின்றது. இதற்கு ஒரு பட்டை ஓடவிட்டு, மொத்தச் சராசரியில் மீதி நேரம் கணக்கிட்டிருந்தால், அது 90 சதவீதத்தில் நின்றிருக்கும்; வேலை நின்ற ஒவ்வொரு 9 நாளுக்கும் மீதி நேரம் 1 நாள் கூடியிருக்கும்.