ஆட்டோகைடிங்கைக் கெடுத்துக்கொள்ள உத்திரமேரூரில் சில சுலப வழிகள்

உத்திரமேரூர்ப் பக்கம் தொலைநோக்கியோடு வந்து இறங்கியதும் மடிக்கணினியைத் திறந்து கைடிங் எண்களைத் திருத்த ஆரம்பியுங்கள். அக்ரெசிவ்னெஸ், எக்ஸ்போஷர், குறைந்தபட்ச நகர்வு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று தெரிந்துபோகும். அந்த வம்பு நமக்கு எதற்கு?

முக்காலி எங்கே நிற்கிறது என்று யோசிக்கவே கூடாது. தண்ணீர் பாய்ந்த வயலின் வரப்பு விசேஷமானது. ஒரு கால் மெல்ல இறங்கிக்கொண்டே போகும், நீங்கள் விடியவிடிய மென்பொருளைத் திட்டலாம். மொட்டை மாடி இன்னும் உத்தமம். பகலில் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி வெகுநேரம் வரை கக்கும், அந்தச் சூட்டில் நட்சத்திரம் துள்ளும். போதாததற்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க யாராவது மேலே ஏறி வருவார்கள்.

வானம் ஒரு நொடிக்கு 15 ஆர்க்நொடி நகர்கிறது. தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட் அதே வேகத்தில் எதிர்த்துச் சுழல வேண்டும். பல்சக்கரம் என்றால் கொஞ்சம் பிசகத்தான் செய்யும். ஒரு குட்டி கேமரா ஒற்றை நட்சத்திரத்தைக் கண்கொட்டாமல் பார்த்து, அது நழுவும்போதெல்லாம் மவுண்டைத் தட்டிச் சரிசெய்கிறது. ஆட்டோகைடிங் அவ்வளவுதான். ஆனால் அச்சு துருவத்தை நோக்கி நிற்காவிட்டால் இந்தத் தட்டலுக்கு ஓய்வே இருக்காது.

இங்கே துருவ நட்சத்திரம் தரையிலிருந்து பன்னிரண்டரை டிகிரிதான். ஏறத்தாழ இதே அட்சரேகையில் இருக்கும் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்துக்கு ஜவ்வாது மலை வாய்த்திருக்கிறது. 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி கட்டடத்துக்குள் அசையாமல் நிற்கிறது. நமக்கு வாய்த்ததோ பனைமரம், கல்குவாரிப் புழுதி, வடகிழக்கே ஒரகடத்து வெளிச்சம். அச்சை இவ்வளவு தாழ்த்தினால் எடைக்கல் தண்டு முக்காலிக் காலில் இடிக்கும் மவுண்ட்டுகளும் உண்டு. இடிக்கும் சத்தத்தை மோட்டார் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் எண்களை மாற்றலாம். விஷயம் தெரிந்தவர்கள் முக்காலிக்கு மேல் ஒரு குட்டித் தூண் வைத்து மவுண்டை உயர்த்திவிடுவார்கள். துருவம் மறைந்திருந்தால் டிரிஃப்ட் முறை: தெற்கு உச்சியில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து அசிமுத் திருகு, பிறகு கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வான ஒன்றைப் பார்த்து உயரத் திருகு.

அடுத்தது காலிபரேஷன். மென்பொருள் மவுண்டை மேற்கே, கிழக்கே, வடக்கே, தெற்கே நகர்த்தி, எத்தனை மில்லிநொடித் தட்டலுக்கு நட்சத்திரம் எத்தனை பிக்ஸல் போகிறது என்று படித்துக்கொள்ளும். இதைத் துருவத்துக்குப் பக்கத்தில் செய்தால் கெடுப்பது உறுதி. அங்கே நட்சத்திரம் கிழக்கு மேற்காக நகர்வதே தெரியாது. வான நடுவரையை ஒட்டி, உச்சிக்கு அருகே செய்தால் சரியாக வந்துவிடும். தை, மாசி மாலைகளில் ஓரையனின் இடுப்பு வாரில் மேற்கோரத்து மின்டாகா ஏறக்குறைய நடுவரை மேலேயே இருக்கிறது. வடக்குப் பக்கம் முதல் சில தட்டல்களுக்கு நட்சத்திரம் அசையாவிட்டால் பதறி மேசையை உலுக்குங்கள். பல்லிடுக்கில் இருக்கும் தளர்வு தானாக இறுகும்வரை சும்மா இருப்பவர்களுக்குத்தான் சரியான கணக்கு வரும்.

மென்பொருள் கைடு குழாயின் குவியத்தூரத்தைக் கேட்கும் கட்டத்தில், பெருமைக்காகவாவது பெரிய குழாயின் அளவை எழுதுங்கள். கைடு குழாய் 120 மில்லிமீட்டராக இருக்க 480 என்று போட்டால் பிழை எண் நாலில் ஒன்றாகக் குறைந்து திரையில் ஜொலிக்கும். நண்பர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பலாம். படத்தில் மட்டும் நட்சத்திரங்கள் முட்டை முட்டையாக இருக்கும்.

கைடு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வழி, ஊருக்குள்ளேயே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டாக இருக்கிறது. குடவோலைத் தேர்தலில் நிற்க 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். நம் நட்சத்திரமும் மங்கலாக இருக்கக் கூடாது, கேமரா திணறும் அளவுக்குப் பிரகாசமாகவும் கூடாது. கணக்குக் காட்டாதவரின் உறவினருக்கும் அங்கே தகுதியில்லை. இங்கேயும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொரு நட்சத்திரம் இருந்தால் ஆகாது. வானம் நகர்ந்தாலும் தான் நகராமல் உட்கார்ந்திருப்பது நட்சத்திரமே அல்ல, கேமராவின் பழுதுபட்ட ஹாட் பிக்ஸல். அதன்மேல் பூட்டிவிட்டால் வரைபடம் ரொம்ப நேர்த்தியாக வரும்.

எக்ஸ்போஷரை அரை நொடிக்குக் குறைத்தால் காற்றின் நடுக்கத்தையெல்லாம் மவுண்ட் துரத்தும். இரண்டு, மூன்று நொடி வைத்தால் துரத்தாது. பார்ப்பதற்குச் சுவாரசியமும் இருக்காது.

ஊரில் யாராவது வந்து, “இன்னாப்பா, ஏர்போர்ட்டுக்கு அளக்க வந்துட்டீங்களா?” என்று கேட்பார்கள். முக்காலி, மேலே குழாய், இருட்டில் ஒரு ஆள். ஏர்போர்ட் திட்டமிட்டிருக்கும் பரந்தூரும் இதே மாவட்டம்தானே, கேட்பதில் தப்பில்லை. படம் ஓடும்போது தொலைநோக்கியில் கண்ணை வைக்கச் சொல்லாதீர்கள், அத்தோடு கைடிங் போச்சு. ஒரு பைனாகுலரைக் கையில் கொடுத்துக் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டுங்கள். மார்கழித் திருவாதிரைக்கு மட்டும் கருவியை வெளியே எடுக்க வேண்டாம்; முழுநிலா அந்த நட்சத்திரத்தின் பக்கத்தில்தான் இருக்கும். கோயிலுக்குப் போய்க் களி வாங்கிச் சாப்பிடலாம்.

காலிபரேஷன் ஒருமுறை சரியாக வந்தால் சேமித்துவிட்டு எண்களில் கைவைக்காமல் இருங்கள். அப்புறம் படமெடுக்க வானம் காத்திருக்கிறது: சித்திரைப் பிறப்பை ஒட்டி நள்ளிரவில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து இங்கே தெற்கில் 30 டிகிரி உயரத்துக்கு வந்துவிடுகிறது. லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை.