பள்ளம் போட்ட வேஷம்

கேள்வி: புது ரோடு போட்ட கையோடு அதைத் தோண்டுகிறார்களே, கேட்பாரே இல்லையா?
– ஒரு வாசகர், குலசேகரன்பட்டினம்

பதில்: உண்டு. தெரு ஊராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பார்த்து, உரியவரிடம் அனுமதி வாங்கி, சீரமைப்புக் கட்டணத்தையும் கட்டிய பிறகுதான் கடப்பாரையே தூக்க வேண்டும். தோண்டுமுன் பூமிக்கடியில் குழாயோ கேபிளோ வைத்திருப்பவர்களை எச்சரிக்க, 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செல்போன் செயலியே தந்திருக்கிறது. ஆனால் குழாய் உடைந்து தண்ணீர் பீறிடுவதுதான் இன்னமும் நம்பகமான அறிவிப்பு!

தோண்டுவது ஒருவர், பணம் வாங்குவது இன்னொருவர், ரோடு போடுவது மூன்றாமவர். கூத்தெல்லாம் இந்த இடைவெளியில்தான். மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, நனைத்து, திமிசு போட்டு இறுக்கிய பிறகே மேலே தார் போட வேண்டும். நம்மவர்களோ அள்ளிய மண்ணை அப்படியே தள்ளி, மேலே கொஞ்சம் ஜல்லி தூவிவிடுகிறார்கள். தசராவுக்கு உங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் பக்தர்கள் நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறார்கள். இந்தப் பள்ளம் நேர்ச்சை ஏதுமின்றி ரோடு வேஷம் கட்டுகிறது. முதல் மழையிலேயே கலைந்துவிடும்.

2024 பிப்ரவரியில் உங்கள் ஊர் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும். உங்கள் ஊரிலிருந்து நேரே போகலாமாம். பள்ளங்களைச் சுற்றி வளைந்து வளைந்து போகிற வேலையை உங்கள் பைக்குக்குக் கொடுத்துவிட்டார்கள் போல!