கருத்துரு அண்ணன்

மடைக்கு ஒரு ஷட்டர் வேண்டும் என்றுதான் போனோம்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மூன்று மடை. நடு மடையில் ஷட்டர் துருவேறி, பல்சக்கரம் தேய்ந்து, கைப்பிடியைத் திருகினால் திருகிக்கொண்டே இருக்கும். பலகை இம்மி நகராது. ஐப்பசியில் பெருகுகிற தண்ணீரில் பாதி கார்த்திகைக்குள் அந்த வழியாகவே போய்விடும். லேத் பட்டறைக்காரர் வந்து பார்த்து, கான்கிரீட்டோடு சேர்த்து நாலு லட்சம் ஆகும் என்றார். ஊர்ப்பொதுவில் அவ்வளவு கிடையாது. "கருத்துரு அண்ணனைப் பாருங்க" என்றார் ஊராட்சிச் செயலர்.

மாவட்டத் தலைநகர் எதுவானாலும் இப்படி ஒருவர் இருப்பார். கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, பெயர்ப்பலகை இல்லாத மாடி. அரசாங்கத்திடம் பணம் கேட்டு எழுதும் காகிதத்துக்குக் கருத்துரு என்று பெயர். அதை எழுதுகிறவர் என்பதால் அவருக்கும் அந்தப் பெயர். நிஜப்பெயர் பென்ஷன் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் மூன்று பேனா: நீலம், சிவப்பு, பச்சை. பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவியில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. பேனா கொண்டுவர மறந்த அதிகாரிக்கு நீட்டுவதற்கென்றே அதை வைத்திருக்கிறார்.

பேச்சும் அலுவலகக் கடிதம் மாதிரியே இருக்கும். "சாப்பிட்டாச்சாண்ணே?" என்று கேட்டால் "நடவடிக்கையில் உள்ளது" என்பார். பின்னால் டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம் கேட்கும்.

அவருக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது, திட்டக் கணக்குதான். மூத்த மகன் பிறந்தது ஜவஹர் ரோஜ்கார் வந்த வருஷம், அதாவது 1989. அவன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது, 2005 டிசம்பரில், ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவை மூன்றுக்குத்தான் அதில் இடம். சின்ன ஊர்களுக்கு அதன் தம்பித் திட்டம் ஒன்று: மத்திய அரசு 80, மாநிலம் 10, உள்ளாட்சி 10. அந்தப் பத்தைப் புரட்ட முடியாமல் எத்தனை ஊர் எண்பதைக் கோட்டைவிட்டது என்று அண்ணன் சொல்லத் தொடங்கினால் நமக்கே அழுகை வரும். மகனுக்குக் கல்யாணம் ஆன 2015 ஆனி மாதத்தில், ஜூன் 25 அன்று, அம்ருத்தும் ஸ்மார்ட் சிட்டியும் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. "ஒரே மாசத்துல மூணு விசேஷம் தம்பி" என்பார்.

மடைக் கதையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"ஆயக்கட்டு எவ்வளவு?"

"முப்பத்தெட்டு ஹெக்டேர்ணே."

"ரெண்டு ஹெக்டேர்ல தப்பிச்சிட்டீங்களே!" என்றார். தப்பித்தது நாங்களா, எங்களிடமிருந்து பொதுப்பணித்துறையா என்று விளங்கவில்லை. அப்போது நாற்பது ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ள கண்மாய் அந்தத் துறைக்கு, அதற்குக் கீழே ஒன்றியத்துக்கு. அந்தத் துறையின் குடிமராமத்துப் பட்டியலில் எங்கள் கண்மாய் ஏன் இல்லை என்று இரண்டு வருஷமாக ஊரில் நடந்த சண்டைக்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

"சரி, எவ்வளவு கேக்குறீங்க?"

"நாலு லட்சம்."

முகம் வாடிவிட்டது. "நாலு லட்சத்துக்கு எவன் தம்பி பைலைத் திறப்பான்? நாலு கோடின்னா உக்காந்து படிப்பாங்க. நாப்பது கோடின்னா வீடியோ கான்பரன்ஸ் போடுவாங்க. நீங்க கடனா கேக்குறீங்க, வெக்கப்பட்டு நிக்க? மானியம். பெருசாக் கேக்கணும்."

ரர்பன் இருந்த காலம் அது. 2016 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம். கிராமத்தைத் தனித்தனியாகப் பார்க்காமல் அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாக வளர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்துதான். தண்ணீரும் ரோடும் ஊராட்சி எல்லையில் வந்ததும் நின்றுவிடுவதில்லையே. சமவெளித் தொகுப்புக்கு 25,000 முதல் 50,000 வரை மக்கள்தொகை இருக்க வேண்டும். மற்றத் திட்டங்களையெல்லாம் கூட்டிக் கட்டியதுபோக விழுகிற இடைவெளிக்கு, செலவில் 30 விழுக்காடு, அதிகபட்சம் 30 கோடி, மத்திய அரசு தரும். இதைச் சொல்லும்போது அண்ணன் குரல் சன்னிதியில் நிற்பதுபோல் தாழ்ந்தது.

"உங்க ஊர்ல எத்தனை பேரு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

"காணாது." சுவரில் இருந்த வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். பதினோரு ஊர் உள்ளே வந்தது. அதில் ஒன்று கீழக் கண்மாய்க்கார ஊர். கலுங்கில் பலகை வைத்தது யார் என்று என் தாத்தா காலத்தில் தொடங்கிய வழக்கு; இன்றைக்கும் அந்த ஊர்ச் சாவுக்கு நாங்கள் போவதில்லை, எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு அவர்கள் வருவதில்லை.

"அவங்களோட எப்படிண்ணே?"

"யாரு உங்களைப் பேசச் சொன்னா? காகிதத்துல ஒண்ணா இருந்தாப் போதும்." எழுதியும் விட்டார்: பாரம்பரியமாக நீர்ப்பகிர்வு உறவு கொண்ட அண்டைக் குடியிருப்புகள். நாற்பது வருஷக் கோர்ட் வழக்கை நாலு சொல்லில் சமாதானம் செய்துவைத்த மனிதர் அவர் ஒருவர்தான்.

இப்படி வட்டம் போட்டதற்காக நாமே விண்ணப்பித்துவிட முடியாது, மாநில அரசுதான் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். "பட்டியல் கேக்குற அன்னிக்கு நம்ம புத்தகம் மேஜை மேல தயாரா இருக்கணும். மத்தவன் எழுத ஆரம்பிக்கும்போது நாம பைண்டிங் முடிச்சிருக்கணும்." தொழில் ரகசியம் மொத்தமும் இதுதான் என்று நினைக்கிறேன். பல ஊராட்சிக்கு ஒரு ஓவர்சியர்; நாளைக் காலை பத்து மணிக்குள் வேண்டும் என்று மேலிடத்துக் கடிதம் இன்று மாலை ஐந்துக்கு வரும். ராத்திரியோடு ராத்திரியாக எழுதித் தர ஒரு ஆள் இல்லாவிட்டால் பணம் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். அண்ணனைக் கேலி செய்கிற அலுவலகங்கள்தான் மார்ச் கடைசி வாரத்தில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பிறகு அட்டை. அதில் வண்ணச் சக்கரம் ஒன்று. ஐ.நா. சபை 2015இல் வகுத்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கும் ஆளுக்கொரு நிறம். "மடை எதுலல்லாம் வரும்?" என்று கேட்டுக்கொண்டே நீலப்பேனாவை எடுத்தார். தண்ணீர், ஆறு. பசி ஒழிப்பு, இரண்டு. பருவநிலை, பதிமூன்று. "மடையில பொம்பளைங்க வருவாங்களா?"

"படித்துறை பக்கத்துலதான் துணி துவைப்பாங்க."

"அஞ்சு. பாலினச் சமத்துவம்."

எல்லாக் கட்டத்தையும் நிரப்பினார். ஒரு மடை ஷட்டர் உலகத்துக்கு இவ்வளவு செய்கிறதா என்று எங்களுக்கே பெருமையாக இருந்தது. பிற்பாடு மத்திய அரசு அந்தப் பதினேழையும் ஊராட்சிகளுக்காக ஒன்பது கருப்பொருளாகச் சுருக்கியபோது, அவருக்கு எட்டு நிறம் போய்விட்ட வருத்தம்.

சொற்களுக்கும் பதவி உயர்வு உண்டு என்பதை அவரிடம்தான் கற்றேன். 2005க்கு முன்னால் சாக்கடை. அப்புறம் கழிவுநீர்க் கால்வாய். அதன்பின் மழைநீர் வடிகால். இப்போது பருவநிலைத் தாங்குதிறன் உட்கட்டமைப்பு. ஓடுவது அதே தண்ணீர்தான், கொசுவும் பணிமாறுதல் ஆகவில்லை. ஆனால் பழைய பெயரில் கேட்டால் பைல் திரும்பி வரும். "பேரை மாத்துறது ஏமாத்து இல்ல தம்பி. கல்யாணத்துக்குப் போறப்ப சட்டையை மாத்துறோம்ல, அந்த மாதிரி" என்றார். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

போட்டோவை மட்டும் நான் ஆட்சேபித்தேன். வறண்ட கண்மாய், வெடித்த கரம்பை, நடுவில் ஒரு கறுப்பு ஆடு, பக்கத்தில் நீல பிளாஸ்டிக் குடம்.

"இது எங்க கண்மாய் இல்லையேண்ணே."

"எல்லாக் கண்மாயும் அதுதான். 2006லேர்ந்து வச்சிருக்கேன். இந்த ஆடு போன பைல் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல."

அந்த ஆடு எந்த ஆடிப் படையலில் முடிந்ததோ, அது பெற்றுத் தந்த நிதியில் எத்தனை ஊருக்கு ரோடு விழுந்ததோ! மடையின் படத்தையும் வைக்கச் சொல்லி மன்றாடினேன். 187ஆம் பக்கத்தில், பின்னிணைப்பில், தபால்தலை அளவுக்கு வைத்தார்.

மொத்தம் 212 பக்கம். ஸ்பைரல் பைண்டிங், ஆறு பிரதி. கண்மாய்க் கமிட்டித் தலைவர் அதைக் கோயிலில் வைத்து விபூதி பூசிக் கொண்டுவந்தார். முதல் விளக்கக் கடிதம் வந்தது, பதில் எழுதினார். இரண்டாவது வந்தது, முதல் கடிதத்துக்கு எழுதிய பதிலையே தேதி மாற்றி அனுப்பினார், ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதில், எங்கள் ஒன்றியம் என்றைக்கோ வாங்கிச் செலவழித்த மானியத்துக்குப் பயன்பாட்டுச் சான்று இல்லை என்று கேட்டிருந்தார்கள். அண்ணன் பெருமூச்சு விட்டார். அந்தச் சான்றுக்குப் படிவம் பத்தொன்பது-ஏ என்றிருந்தது; 2017இல் நிதி விதிகளை மாற்றிப் பன்னிரண்டு-ஏ ஆக்கிவிட்டார்கள். "பத்தொன்பதுல ஒரு கம்பீரம் இருந்துச்சு" என்றார், பழைய சிவாஜி படத்தைப் பற்றிப் பேசுகிறவர்போல.

ரர்பன் பட்டியலில் நாங்கள் ஏறவில்லை. அதற்கெல்லாம் அண்ணன் அசருகிற ஆள் இல்லை. தொகுப்பைப் பிரித்து, பதினோரு ஊரை மூன்றாக்கி, 212 பக்கத்தை 40 ஆக்கி, ஆடும் குடமும் முன்னால் நிற்க, வேறொரு திட்டத்துக்கு அனுப்பினார். ஒன்றரை வருஷம் கழித்து நிர்வாக அனுமதி வந்தது. ஊரில் வெடி போட்டோம்.

வந்தது நடைப்பயிற்சிப் பாதை. கண்மாய்க் கரைமேல் 600 மீட்டருக்குப் பேவர் பிளாக், எட்டு சிமெண்டு பெஞ்சு, சோலார் விளக்கு, தலைப்பில் ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி முன்னால் ஒரு சிவப்பு இதயம். காலை நாலரைக்கு எழுந்து வயலுக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிற ஜனங்களுக்கு நடைப்பயிற்சி! பேவர் பிளாக்கில் உளுந்து நன்றாகக் காய்கிறது என்று பெண்கள் சொல்கிறார்கள். இதயத்தில் ஆடு கட்டுகிறோம்.

"மடை என்னண்ணே ஆச்சு?"

"அந்தத் திட்டத்துல மடைக்குத் தலைப்பு இல்ல தம்பி. நடைபாதைக்கு இருந்துச்சு. வர்ற சீதேவியைத் திருப்பி அனுப்பவா?"

அந்த வருஷம் ஐப்பசி அடைமழை. கண்மாய் கலுங்கு தட்டியது. நடு மடை வழக்கம்போல் பீறிட, நீர்ப்பாய்ச்சியும் நாங்கள் பத்துப் பேரும் நடுராத்திரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வைக்கோலைப் புரியாகத் திரித்து அடைத்து, களிமண் அப்பி, அதன்மேல் மணல்மூட்டை அடுக்கினோம். கீழக் கண்மாய் ஊரிலிருந்து நாலு பையன்கள் டார்ச்சோடு வந்தார்கள். மடை பிய்த்துக்கொண்டால் அவர்கள் நெல்தான் முதலில் முங்கும். யாரும் யாரிடமும் பேசவில்லை; மூட்டை மட்டும் கைமாறியது.

விடியும்போது சோலார் விளக்கடியில் குடையோடு ஒருவர். கருத்துரு அண்ணன். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். பேவர் பிளாக் மேலேயே நின்று, வைக்கோலும் சேறும் மூட்டையும் நாங்களுமாக, செல்போனில் ஏழெட்டுப் படம் எடுத்தார்.

"இதே மாதிரி நில்லுங்க, நில்லுங்க. அந்த ஊர்ப் பசங்களும் கிட்டக்க வாங்கப்பா. வெளிநாட்டு நிதியில ஒரு திட்டம் வருதாம். மரபறிவு சார்ந்த இயற்கைவழி நீர் மேலாண்மை, கேட்டிருக்கான். எங்க தேடுறதுன்னு இருந்தேன்."

"அப்ப ஷட்டர் கிடைச்சுரும்லண்ணே?" என்றார் நீர்ப்பாய்ச்சி, தண்ணீருக்குள் நின்றபடி.

அண்ணன் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "ஷட்டர் போட்டுட்டா அப்புறம் மரபறிவு எங்கய்யா இருக்கும்? கொஞ்சம் சிரிங்க."