முந்திரிக்கொட்டை இலக்கணம்

எங்கள் இங்கிலீஷ் சார் பிரெபசிஷனை விளக்கிய விதம் காடாம்புலியூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே விளங்கியிருக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு முந்திரிப்பழத்தை எடுத்தார். கொட்டை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. "பிரெபசிஷன்னா இதுதான்டா. பேருக்கு முன்னாடி முந்திக்கிட்டு வந்து நிக்கும். நம்ம வேற்றுமை உருபு அப்படியா? அடக்கமா பின்னாடி ஒட்டிக்கிட்டு வரும்." பழச்சாறு பட்ட கறை அந்தச் சட்டையை விட்டுப் போகவே இல்லை. எங்களை விட்டு இலக்கணம் போய்விட்டது, முந்திரிக்கொட்டை தங்கிவிட்டது.

1980-களின் நடுப்பகுதி அது. கடலூர் மாவட்டம் என்ற ஒன்று பிறக்கவில்லை. 1993 வரை எல்லாம் தென்னாற்காடுதான். சார் மேசையில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் இருக்கும். வெகுகாலம் அதை ஒரே ஆளின் பெயர் என்றே நினைத்திருந்தோம். அட்டையிலேயே 'அண்ட்' என்று ஒரு கன்ஜங்ஷன் உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடிக்காதவர்கள் உள்ளே எதைக் கண்டுபிடிப்போம்? அந்த ரென், பிரெஞ்சு அந்நியர் படையை வைத்து 'போ ஜெஸ்ட்' என்று விறுவிறுப்பான நாவல் எழுதியவர் என்று பிற்பாடு அறிந்தேன். அதே கைதான் இதையும் எழுதியது என்பதை இன்றைக்கும் மனசு ஒப்பவில்லை.

மரத்தில் பழம் இருந்தால் 'ஆன்', பறவை இருந்தால் 'இன்' என்றார் சார். மரத்தின் உடம்பிலேயே காய்த்தது ஆன், வெளியிலிருந்து வந்து கிளைக்குள் உட்கார்ந்தது இன். நியாயமாகத்தான் பட்டது. கடைசி பெஞ்சுக்காரன் எழுந்தான். "சார், எங்க கொல்லையில வேர்ப்பலா. மண்ணுக்குள்ளயே வெடிச்சிருக்கு. இது இன்னா, ஆனா, அண்டரா?" சார் ஜன்னல் வழியே வெகுநேரம் வெளியே பார்த்தார். "நரி திங்கறதுக்குள்ள வெட்டி எடுத்துக்கிட்டு வா, பார்த்துச் சொல்றேன்" என்றார்.

எங்கள் சங்கடம் எல்லாம் இந்த 'இல்'லால் வந்தது. பண்ருட்டியில், மேசையில், பஸ்ஸில், வாசலில் என்று ஒரே உருபை வைத்துக் காலம் தள்ளியவர்களிடம் இன், ஆன், அட் என்று மூன்று சாவியைக் கொடுத்தால் எந்தப் பூட்டுக்கு எது? கார் என்றால் இன், பஸ் என்றால் ஆன். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. பலா சீசனில் பஸ் கூரை மேல் பழத்தோடு பழமாக உட்கார்ந்து போனவனுக்கு 'ஆன் த பஸ்' விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்?

'ஆல்தோ' போட்டால் 'பட்' போடாதே என்று சார் தொண்டை வற்றக் கத்தினார். இரண்டையும் போட்டோம். நாங்கள் மக்கு என்பதால் அல்ல என்று இப்போது தோன்றுகிறது. 'மழை பெய்தாலும் வந்தேன்' என்னும்போது அந்த 'ஆலும்' இரண்டு சேதிக்கும் நடுவில் வரப்பு மாதிரி நிற்கிறது. ஆல்தோ முந்திரிக்கொட்டையாக வாக்கியத்தின் தலைக்குப் போய்விடுகிறது, வரப்பு வெறிச்சென்று கிடக்கிறது. விவசாயி வீட்டுப் பிள்ளை வரப்பில்லாத நிலத்தைச் சகிப்பானா? ஒரு 'பட்'டைப் போட்டு அணைத்தோம்.

பிசகில்லாமல் எழுதிய ஒரே வாக்கியம் விடுப்பு விண்ணப்பத்தில் இருந்தது: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' ஆஸ், ஃப்ரம் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும், காய்ச்சல் மட்டும் இருக்காது. தைப்பூசத்துக்குத் தமிழகம் முழுக்க அரசு விடுமுறை வந்தது 2021-இல்தான். எங்கள் காலத்தில் அந்த நாளில் வடலூர் ஜோதி பார்க்கப் போன ஒருவன் பொய் சொல்ல அஞ்சி, 'சஃபரிங் ஃப்ரம் தைப்பூசம்' என்று எழுதினான். பிரெபசிஷன் சரியாக இருந்ததால் ஓர் அடி குறைந்தது.

இப்போது என் மகன் லீவ் எடுக்க ஒரு பட்டனை அமுக்குகிறான். ஆஸும் இல்லை, ஃப்ரமும் இல்லை. இங்கிலீஷ் இரண்டாம் தாளுக்குப் பயந்து நாங்கள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டது ஒரு காலம். பத்தாம் வகுப்புக்கு ஒரே தாள் என்று ஆக்கிய முதல் வருஷமே கொரோனா வந்து, 2020-இல் எல்லாரும் பரீட்சை இல்லாமல் பாஸ். எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதே கொரோனாவில் ஃப்ரம் எங்கள் வீட்டுக்கே குடிவந்தது. விசாரித்தவர்களிடம் அம்மா சொன்னாள்: "பேரன் ஃப்ரம்ஹோம்ல இருக்கான்." முன்னால் வெள்ளைக்காரன் கொட்டை, பின்னால் நம் உருபு. ரென்னும் மார்ட்டினும் சேர்ந்தாலும் இந்தச் சமரசத்தை எட்டியிருக்க முடியாது.

வேர்ப்பலாக்காரன் இன்று முந்திரி வியாபாரி. 2011 டிசம்பர் 30 தானே புயலில் அவன் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. அதன் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை இறக்குமதி செய்து உடைக்கிறான். ஐவரி கோஸ்ட்டுக்குப் போகும் மெயிலை எல்லாம் எனக்கு அனுப்பித் திருத்தச் சொல்வான், கூலி ஒரு டப்பா துண்டுப் பருப்பு. போன மாதம் 'வித்தின் ஃபிரைடே' என்று எழுதியிருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் என்பதில் 'உள்' இருக்கிறதே, அதன் நேர்வாரிசு. நான் 'பை ஃபிரைடே' என்று திருத்தி அனுப்புவதற்குள் மெயில் போய்விட்டது. எதிர்முனையில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். பதிலில் ஒரு பிரெபசிஷனும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இத்தனைக்கும் அந்த வியாபாரமே ஒரு பிரெபசிஷனில் தொங்குகிறது. 'ஃப்ரீ ஆன் போர்டு' என்றால் சரக்கு கப்பலில் ஏறும்வரை விற்பவன் பாடு, ஏறிய பிறகு நனைந்தாலும் முழுகினாலும் வாங்கியவன் பாடு. அந்த ஆன் என்ன செய்யும் என்பதில் அவனுக்கு இம்மியளவும் குழப்பமில்லை. நான்தான் நெட்டுருப் போட்டதை வைத்துக்கொண்டு போனில் 'வித்தின்'னுக்கும் 'பை'க்கும் கால் மணி நேரம் வித்தியாசம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் கேட்டான்:

"அதெல்லாம் இருக்கட்டும்டா. வெள்ளிக்கிழமை கப்பல்ல ஏத்திட்டானா இல்லியா? ஏத்திட்டான்."